மீராபென் அம்மையார்: வந்த விதமும் விடைபெற்ற விதமும்

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு மண்ணிற் சென்று வாழ்வோர் உலகில் பலர். அவருள் பெரும்பாலோர் நம்மைப் போல் உத்தியோகத்தின் பொருட்டுச் சென்றவர்களே. உத்தரவு வந்தது, மூட்டை கட்டினோம், வந்து சேர்ந்தோம். பிறகு பிள்ளைகள் இங்கேயே பிறந்து இங்கேயே படித்து வளர்ந்தனர். ஆனால் ஒரு சிலர் உண்டு. அவர்கள் ஊதியம் எதுவும் கருதாமல், எவருடைய உத்தரவுமின்றி, தாமே ஓர் அந்நிய நாட்டைத் தம் இல்லமாகத் தேர்ந்துகொண்டு, அந்நாட்டு மக்களுக்குத் தொண்டு புரியப் புறப்படுகின்றனர். அத்தகையோருள்ளும் மிகச் சிலரே, தேர்ந்துகொண்ட அவ்வில்லத்தை விட்டு நீங்க வேண்டிய நாள் வந்தபோது, வந்தது போலவே செவ்விய முறையில் விடைபெற்றுச் சென்றவர்கள். அம்மிகச் சிலருள் ஒருவர் மீராபென் அம்மையார்.

சங்கத்து ஆண்டு மலரில் தமிழ்ச் சான்றோர் வரலாறுகள் இடம்பெறுவதே வழக்கம். ஆங்கிலேயப் பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் காலனியில் மாலை வேளைகளில் பெரியவர்கள் கூடுமிடத்தில் எல்லாம் பேச்சு இறுதியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஓய்வு பெற்றபின் ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே தங்கிவிடுவதா? திரும்பினால் இத்தனை ஆண்டு வாழ்ந்த ஊருக்கு நாம் பட்ட கடன் என்னாவது? தங்கினால் பிறந்த மண்ணுக்கு என்ன விடை சொல்வது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. நம்மினும் பெரிய அளவில், நம்மினும் கடினமான நிலையில், இதே கேள்வியைச் சந்தித்தவர் இவ்வம்மையார். ஆகவே அன்னாரின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு ஆகாது.

இளமைப் பருவம்

அம்மையாரின் இயற்பெயர் மேடலின் ஸ்லேடு. 1892-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் எட்மண்ட் ஸ்லேடு பிரிட்டிஷ் கடற்படையில் உயர் பதவி வகித்தவர். கடற்படை அதிகாரியின் குடும்பத்திற்கு நிலையான ஊர் ஏது? தந்தையார் நீண்ட காலம் கடலிலேயே இருந்தார். ஆதலின் மேடலின் தம் இளமையில் பெரும்பகுதியைத் தாய்வழிப் பாட்டனாரின் நாட்டுப்புற இல்லத்தில் கழித்தார். மரமும் செடியும், குதிரையும் பசுவுமே அவருடைய தோழர்கள். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டமில்லை. விலங்குகளிடமும் மரங்களிடமும் அந்நாளில் பிறந்த அன்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

ஏறத்தாழப் பதினைந்து வயதில் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒன்று, ஜெர்மானிய இசை மேதையான பீத்தோவனின் இசையைக் கேட்டது. அவ்விசை அப்பெண்ணின் உள்ளத்தை முழுமையாக ஆட்கொண்டது. மற்றொன்று, தந்தையார் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தலைவராக நியமனம் பெற்றதால், குடும்பத்துடன் பம்பாய்க்கு வந்தது. ஆனால் அப்போது அவர் கண்டது இந்தியா அன்று. விருந்துகளும் நடனங்களும் ஆங்கில அதிகாரிகளின் மாளிகைகளுமே அவர் கண்டவை. ஓரிடத்தில் வசிப்பதாலேயே அவ்விடத்தை அறிந்தவராகிவிட முடியாது என்பதற்கு இது நல்ல சான்று. இரண்டாண்டுகளில் அவர் இங்கிலாந்திற்குத் திரும்பினார். இந்தியா மனத்தில் எத்தடமும் பதிக்கவில்லை.

முதல் உலகப் போருக்குப் பின் பியானோ வித்வான் ஒருவருக்காக இசை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் பணியில் ஈடுபட்டார். பீத்தோவன் பிறந்த பான் நகருக்கும், வாழ்ந்து மறைந்த வியன்னா நகருக்கும் யாத்திரை போலச் சென்று வந்தார். பிரெஞ்சு அறிஞர் ரொமெய்ன் ரோலந்து பீத்தோவனைப் பற்றி எழுதியிருந்த நூல்களைப் படிக்க வேண்டும் என்பதற்காகவே பிரெஞ்சு மொழியைக் கற்றார். பின்னர் ஸ்விட்சர்லாந்தில் வில்னவ் என்னும் ஊரில் தங்கியிருந்த ரோலந்தை நேரில் சென்று கண்டார். ரோலந்து அப்போது காந்தியடிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி முடித்திருந்தார். காந்தி என்னும் பெயரையே அதுவரை அறியாத மேடலினுக்கு, அவர் இக்காலத்தின் ஏசுநாதர் போன்றவர் என்று ரோலந்து எடுத்துரைத்தார். 1924-இல் அந்நூல் கைக்குக் கிடைத்ததும் ஒரே மூச்சில் படித்து முடித்த மேடலின், தாம் செல்ல வேண்டிய இடம் எதுவென்று அன்றே தெளிந்தார்.

ஓராண்டுப் பயிற்சி

இனி வருவதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி. ஆர்வத்தின் வேகத்தில் மேடலின் உடனே கப்பல் கம்பெனிக்குச் சென்று இந்தியாவுக்குப் பயணச் சீட்டு பதிவு செய்துவிட்டார். ஆனால் சில நாட்களில் அவருக்கே ஓர் எண்ணம் தோன்றிற்று. தகுதியின்றிச் சென்று நிற்பதால் யாருக்கு என்ன பயன்? உடனே பயணத்தை ஓராண்டு தள்ளிப் போட்டார். அந்த ஓராண்டையும் அவர் தம்மைப் பழக்கிக்கொள்வதிலேயே செலவிட்டார்.

லண்டனில், வசதிகள் நிறைந்த வீட்டில் இருந்துகொண்டே, தரையில் படுத்து உறங்கப் பழகினார். சம்மணமிட்டு அமர்வது மேல்நாட்டார்க்கு எவ்வளவு துன்பம் தருவது என்பதை நாம் அறிவோம், அதையும் பழகினார். புலால் உணவையும் மதுவையும் விட்டார். நூற்கவும் நெய்யவும் கற்றார். உருது மொழி பயிலத் தொடங்கினார். ஸ்விட்சர்லாந்து சென்று குடியானவர்களோடு வயலில் உழைத்து உடலுக்கு உரமேற்றினார். காந்தியடிகள் 1924-ஆம் ஆண்டு டில்லியில் இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் மேற்கொண்டு நலமுடன் முடித்த செய்தி கேட்டு, நன்றிக் காணிக்கையாக இருபது பவுன் அனுப்பிக் கடிதம் எழுதினார். அடிகளும் பதில் எழுதினார். ஆசிரம வாழ்க்கை எளிதன்று, உடல் உழைப்பு மிகுதி, தட்பவெப்பம் கடுமையானது என்பதையெல்லாம் மறைக்காமல் தெரிவித்தபின்னரே அவரை வரவேற்றார்.

பெற்றோர் தடுக்கவில்லை. பேரரசின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவராக இருந்தவரின் மகள், அப்பேரரசை எதிர்ப்பவரின் ஆசிரமத்திற்குச் செல்வது அக்குடும்பத்திற்கு எத்தகைய சோதனையாக இருந்திருக்கும்! ஆயினும் அவர்கள் மகளின் மனத்தை அறிந்து வழியனுப்பினர். 1925-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் புறப்பட்ட அவர் நவம்பர் 6-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். அன்றிரவே ரயிலேறி, மறுநாள் காலை ஆமதாபாத் சேர்ந்தார். நிலையத்தில் மகாதேவ தேசாயும் வல்லபபாய் படேலும் எதிர்கொண்டனர். சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளின் திருவடிகளில் விழுந்தவரை அவர் தூக்கி நிறுத்தித் தம் மகளாக ஏற்றார். மீரா என்னும் பெயர் சூட்டினார். அப்போது அம்மையாருக்கு 33 வயது நிறைய இரண்டு வாரங்களே இருந்தன.

நாம் ஓர் ஊருக்கு மாறுதலாகி வரும்போது அவ்வூர் மொழியை எத்தனை பேர் முன்கூட்டிக் கற்று வருகிறோம்? கடைத்தெருவுக்கு வேண்டிய பத்துச் சொற்களோடு முப்பது ஆண்டுகளை ஓட்டிவிடுவோரும் நம்மிடையே உண்டு. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் இடத்தை இல்லமாக்கிக்கொள்ள விரும்புவோர் செய்ய வேண்டிய முதற் கடமை எது என்பதை அம்மையாரின் அந்த ஓராண்டு காட்டுகிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

தொண்டும் சிறையும்

ஆசிரமத்தில் விடியற்காலைப் பிரார்த்தனை முதல் கழிப்பிடத் துப்புரவு வரை எல்லாப் பணிகளிலும் மீராபென் பங்கேற்றார். கூந்தலைக் களைந்தார், கதர்ப் புடவை உடுத்தார், பிரம்மச்சரிய விரதம் பூண்டார். ஹிந்தி மொழி பயிலும் பொருட்டு வடநாட்டு ஆசிரமங்களிலும் ஹரித்துவாரத்தை அடுத்த காங்கிரி குருகுலத்திலும் தங்கினார். பீகாரின் கிராமமொன்றில் இருந்துகொண்டு பஞ்சடித்தல், நூற்றல் ஆகியவற்றைச் செம்மைப்படுத்தும் முயற்சியில் உழைத்தார். காய்ச்சலும் வெப்பமும் அவரைப் பலமுறை வாட்டின.

இவ்வாண்டுகளில் அவரை மிகவும் வருத்தியது உடல் நோவு அன்று. அடிகளின் அருகிலேயே இருந்து பணிவிடை செய்ய வேண்டும் என்பதே அவருடைய பேரவா. அடிகளோ அவரை அடிக்கடி தொலைவிடங்களுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். தம் உடலைப் பேணுவதைவிடத் தம் பணியைப் பேணுவதே மேலான அன்பு என்று கடிதத்திற்குக் கடிதம் அறிவுறுத்தினார். அன்பு வைத்த இடத்தை விட்டு விலகி நிற்கும் பயிற்சி அம்மையாருக்கு இவ்வாறு தொடக்கம் முதலே கிடைத்தது எனலாம். 1928-ஆம் ஆண்டு தந்தையார் இங்கிலாந்தில் காலமானபோது மகள் இந்தியாவில் இருந்தார். தொலைதூரத்தில் இருந்துகொண்டு பெற்றோரின் மறைவுச் செய்தியைக் கேட்டவர்களுக்கு இதன் கனம் விளக்காமலே விளங்கும்.

1931-இல் வட்டமேஜை மாநாட்டிற்குக் காந்தியடிகள் லண்டன் சென்றபோது மீராபென்னும் உடன் சென்றார். கிழக்கு லண்டனில் ஏழைத் தொழிலாளர் வாழும் பகுதியில் உள்ள கிங்ஸ்லி ஹாலில் தங்கி அடிகளின் உணவையும் அன்றாடத் தேவைகளையும் கவனித்துக்கொண்டார். பிறந்த ஊருக்கே அந்நிய நாட்டுப் பணியாளராகத் திரும்பிய விந்தை அது. திரும்பும் வழியில் டிசம்பர் மாதம் வில்னவில் ரோலந்தின் இல்லத்தில் அடிகள் சில நாள் தங்கினார். அங்கு ரோலந்து பியானோவில் பீத்தோவனின் இசையை அடிகளுக்கு வாசித்துக் காட்டினார். தம் வாழ்வின் இரு துருவங்களும் ஒரே அறையில் சந்தித்ததை மீராபென் அன்று கண்டார்.

1932-33 ஆண்டுகளில் சட்டமறுப்பு இயக்கத்தின்போது சிறை சென்றார். பம்பாய் ஆர்தர் ரோடு சிறையும் சபர்மதிச் சிறையும் ஓர் அட்மிரலின் மகளுக்கு உறைவிடமாயின. 1934-இல் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்று இந்தியாவின் நிலையை எடுத்துரைத்தார். லாயிட் ஜார்ஜ், வின்ஸ்டன் சர்ச்சில் முதலிய தலைவர்களைச் சந்தித்தார். அமெரிக்காவில் ஜனாதிபதியின் துணைவியார் திருமதி ரூஸ்வெல்ட்டைக் கண்டார். பின்னர் வார்தாவை அடுத்த சேகாவ்ன் என்னும் கிராமத்தில் அடிகளுக்கு முன்பே சென்று குடியேறியவர் மீராபென்னே. 1936-இல் அடிகள் அங்கு வந்து தங்கினார். பின்னாளில் சேவாகிராமம் என்று உலகப் புகழ் பெற்றது அவ்வூரே.

1942-இல் ஜப்பானியர் படையெடுப்பர் என்னும் அச்சம் நிலவியபோது, ஒரிஸ்ஸாக் கடற்கரை மக்களை அஹிம்சை முறையில் எதிர்த்து நிற்க ஆயத்தப்படுத்தும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆகஸ்ட் 9-ஆம் நாள் அடிகளுடன் கைதாகி, புனேயில் ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டார். ஆறே நாட்களில், ஆகஸ்ட் 15-ஆம் நாள், மகாதேவ தேசாய் மாரடைப்பால் அங்கு மறைந்தார். 1925-இல் ஆமதாபாத் நிலையத்தில் எதிர்கொண்டு வரவேற்றவர் அவர். 1944 பிப்ரவரி 22-ஆம் நாள் கஸ்தூரிபா அன்னையாரும் அங்கேயே கண் மூடினார். இருவர் உடலும் மாளிகை வளாகத்திலேயே எரியூட்டப்பட்டன. 1944 மே 6-ஆம் நாள் விடுதலை கிடைத்தபோது மீராபென்னுக்கு வயது 51.

இமயமலைச் சாரல்

விடுதலைக்குப்பின் அம்மையார் அடிகளின் சம்மதத்துடன் தமக்கென ஒரு பணியை ஏற்றார். ரூர்க்கிக்கும் ஹரித்துவாரத்திற்கும் இடையே கிராமமொன்றில் கிசான் ஆசிரமம் என்னும் உழவர் ஆசிரமத்தை 1944-இல் நிறுவினார். அடுத்து, உணவு உற்பத்தியைப் பெருக்கும் இயக்கத்திற்கு ஐக்கிய மாகாண அரசின் கௌரவ ஆலோசகராக நியமிக்கப்பட்டார். 1947-இல் ரிஷிகேசத்திற்கு அருகே பசுலோக் என்னும் அமைப்பைத் தொடங்கினார். கால்நடைகளின் உலகம் என்பது அப்பெயரின் பொருள். பால் வற்றிய, முதுமையுற்ற மாடுகளைக் காப்பதற்கான இடம் அது. நம்மவர் பலர் ஹரித்துவார யாத்திரையின்போது ரிஷிகேசம் சென்றிருக்கலாம். இன்று அங்கு எய்ம்ஸ் மருத்துவமனை இருக்கும் பகுதியின் பெயர் பசுலோக் என்பதே. அப்பெயரின் பின்னே இருப்பவர் யார் என்பதை யாத்திரிகருள் எத்தனை பேர் அறிவரோ!

1948 ஜனவரி 30-ஆம் நாள் அடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அம்மையாரைப் பசுலோக்கில் எட்டியது. அவர் டில்லிக்கு ஓடவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பணியைத் தொடர்ந்தார். அருகில் இருப்பதன்று, பணியில் இருப்பதே அன்பு என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பிக்கப்பட்ட பாடத்தை அன்று அவர் மெய்ப்பித்தார். அடிகள் தமக்கு எழுதிய நூற்றுக்கணக்கான கடிதங்களையும் அவர் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1949-இல் அவற்றைத் தொகுத்து நூலாக வெளியிட்டு, தமக்கு மட்டும் உரிய செல்வத்தை எல்லோருக்கும் பொதுவாக்கினார்.

பசுலோக்கில் இருந்த நாட்களில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கங்கையில் வெள்ளம் பெருகி வருவதை அம்மையார் கண்டார். காரணம் என்ன என்று அறிய மலைமீது ஏறினார். பாகீரதியோடு கலக்கும் பிலங்கனா நதியின் பள்ளத்தாக்கில் கோபால் ஆசிரமத்தை அமைத்து, மலைமக்களிடையே வாழ்ந்தார். அங்கு அவர் கண்டறிந்த உண்மை இது. மலைமக்கள் பாஞ்ஜ் என்று வழங்கும் ஓக் மரம் அகன்ற இலைகளையுடையது. அதன் உதிர்ந்த இலைகள் மக்கி, தரைமேல் மெத்தை போல் படிந்து, மழைநீரை உறிஞ்சி, ஊற்றுகளை வற்றாமல் காக்கும். அம்மரம் மறைந்துவரும் இடங்களில் சீர் எனப்படும் பைன் மரம் பரவி வந்தது. பைனின் ஊசியிலைகள் மக்குவது அரிது. அதனடியில் புதரும் புல்லும் செழிப்பதில்லை. எனவே மழைநீர் மண்ணுள் இறங்காமல், மண்ணையும் அரித்துக்கொண்டு சமவெளிக்குப் பாய்கிறது. மரத்திற்காகவும் பிசினுக்காகவும் வனத்துறை பைனையே விரும்பிற்று. தீவனத்திற்கும் விறகிற்கும் வேறு வழியற்ற மலைமக்களோ எஞ்சிய ஓக்கையே வெட்டிவந்தனர். இவ்வுண்மையை 1950-களின் தொடக்கத்திலேயே அம்மையார் கட்டுரையாக எழுதி ஆட்சியாளரின் கவனத்திற்குக் கொணர்ந்தார்.

ரயில்வே குடும்பத்தினராகிய நாம் இங்கு ஒன்றை நினைவுகூர்வது தகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இமயத்து மரங்கள் ஏராளமாக வெட்டப்பட்டு, ஆற்றில் மிதக்கவிடப்பட்டு, நம் இருப்புப் பாதைகளுக்கு ஸ்லீப்பர் கட்டைகளாயின. நாம் நாள்தோறும் உண்ணும் சோற்றில் அம்மலைகளின் பங்கும் உண்டு.

அம்மையாரின் எச்சரிக்கைக்கு அன்று உரிய செவி சாய்க்கப்படவில்லை. அரசுத் திட்டங்கள் காகிதக் கட்டுகளில் சிக்கின. காஷ்மீரத்தில் கால்நடை அபிவிருத்திப் பணி ஒன்றை மேற்கொண்டார். இங்கிலாந்திலிருந்து டெக்ஸ்டர் என்னும் சிறிய இனப் பசுக்களை வரவழைத்தார். அதுவும் அவர் எண்ணியபடி நிலைபெறவில்லை. மீண்டும் டெஹ்ரி மலைப்பகுதிக்கே வந்து, சம்பாவுக்கு அருகில் பட்சி குஞ்ச், அதாவது பறவைகளின் சோலை, என்று பெயரிட்ட சிறு குடிலில் தங்கினார். சுதந்திர இந்தியா பெரிய ஆலைகளையும் பெரிய அணைகளையும் நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. கிராமத்தையும் பசுவையும் மரத்தையும் நம்பிய அம்மையாரின் வழி வேறாக இருந்தது.

விடைபெறல்

அத்தனிமையில் பழைய குரல் ஒன்று மீண்டும் அவரை அழைத்தது. இளமையில் கேட்ட பீத்தோவனின் இசையே அது. ரோலந்து பீத்தோவனைப் பற்றி எழுதிய நூலொன்றை நெடுங்காலத்திற்குப் பின் எடுத்துப் படித்தார். அடிகளிடம் வருவதற்கு முன்பு தாம் தேடிக்கொண்டிருந்த பொருளும் அடிகளிடம் கண்ட பொருளும் ஒன்றே என்று உணர்ந்தார். எஞ்சிய வாழ்நாளை அந்த இசையின் உட்பொருளை ஆராய்வதில் கழிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

இதைப் படிக்கும் சிலருக்கு ஒரு வினா எழுவது இயல்பே. மகளாக ஏற்ற நாட்டை, அதுவும் முதுமையில், விட்டுச் செல்வது முறையோ? வாக்குத் தவறிய செயல் அன்றோ? இவ்வினாவை இலேசாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் கிராமப் பணி முடிந்துவிடவில்லை. மலைகளின் துயரும் தீர்ந்துவிடவில்லை. அம்மையாரின் நெஞ்சிலும் இது முள்ளாகத் தைத்தே இருக்கும்.

எனினும் ஒன்றைக் கருத வேண்டும். அலுவலகத்தில் மாறுதல் உத்தரவு பெற்ற எழுத்தர் ஒருவர் என்ன செய்கிறார்? கைவசமுள்ள கோப்புகளைப் பட்டியலிடுகிறார். முடிந்தவை இவை, நிலுவை இவை என்று குறித்து வைக்கிறார். அடுத்தவரிடம் சார்ஜ் ஒப்படைக்கிறார். அதன் பிறகே ரிலீவ் ஆகிறார். எல்லாக் கோப்பும் முடிந்த பிறகே போவேன் என்று சொன்னால் எவரும் எந்நாளும் எங்கும் போக முடியாது. ஒப்படைக்காமல் போவதே குற்றம், போவது குற்றமன்று.

இவ்வளவுகோலால் பார்த்தால் அம்மையார் நேர்மையாகச் சார்ஜ் ஒப்படைத்தவர். தாம் தொடங்கிய நிலையங்களைத் தம் சொத்தாக அவர் கருதவில்லை. இருந்தவர் கைகளிலேயே விட்டார். அடிகளின் கடிதங்களை நாட்டிற்கு அளித்தார். மலையில் நடந்த தவற்றை, நிலுவைக் குறிப்பைப் போல், தெளிவாக எழுதி வைத்தார். தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். அது அவர் புறப்பட்ட மறு ஆண்டே, 1960-இல், வெளிவந்தது. வந்தபோது வீட்டையும் வசதியையும் துறந்து வந்தவர், செல்லும்போது ஓய்வூதியமோ நிலமோ வீடோ இந்நாட்டிலிருந்து எடுத்துச் செல்லவில்லை.

1959-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் மீராபென் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 66. நமக்கெல்லாம் 60 வயதில் ஓய்வு. அதற்கும் ஆறு ஆண்டுகள் கடந்த பின் புதியதொரு நாட்டில் புதியதொரு வாழ்வைத் தொடங்க அவர் துணிந்தார். பிறந்த நாட்டில் 33 ஆண்டுகள். ஏற்ற நாட்டில் 33 ஆண்டுகள். இரண்டும் சமம். முதலில் இங்கிலாந்து சென்ற அவர், அங்கும் தங்கவில்லை. 1960-இல் ஆஸ்திரியா சென்று, பீத்தோவன் நடந்து திரிந்த வியன்னாக் காடுகளை ஒட்டிய கிராமப்புறங்களில் குடியேறினார். பிறந்த ஊர் என்பதாலேயே ஒருவர் அங்கு நிம்மதியாக இருந்துவிட முடியும் என்பதில்லை என்னும் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது.

விட்டுச் சென்றவை

ஆஸ்திரியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் எளிய வாழ்வு வாழ்ந்தார். பீத்தோவனைப் பற்றி எழுதிய நூலைக் கையெழுத்துப் பிரதியாக விட்டுச் சென்றார். வாழ்வின் இறுதிக் கட்டத்தில் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கிற்று. 1982-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் நாள், தமது 89-ஆம் வயதில், காலமானார். அதே ஆண்டின் இறுதியில் ரிச்சர்ட் அட்டன்பரோ இயக்கிய காந்தி திரைப்படம் வெளிவந்தது. அதன் வாயிலாக அம்மையாரின் உருவம் உலகெங்கும் புதிய தலைமுறைக்கு அறிமுகமாயிற்று. 1983-இல் நம் தபால் துறை அவர் உருவம் பொறித்த தபால் தலையை வெளியிட்டது.

ஆனால் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் இவற்றுள் எதுவும் அன்று. 1973-ஆம் ஆண்டு அதே இமயமலைப் பகுதியில், சமோலி மாவட்டத்தின் மண்டல் கிராமத்தில், மரம் வெட்ட வந்தவர்களை மக்கள் திரண்டு தடுத்தனர். மரங்களைக் கட்டித் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம் அங்கிருந்து மலையெங்கும் பரவிற்று. அவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான சுந்தர்லால் பகுகுணா, மீராபென்னின் கருத்துகளால் வழிகாட்டப்பட்டவர்களுள் ஒருவர். அம்மையார் நிலுவை என்று குறித்து வைத்த கோப்பை, அவர் நாட்டை விட்டுச் சென்று பதினான்கு ஆண்டுகள் கழித்து, அம்மலையின் மக்களே எடுத்துக்கொண்டனர். படித்தவர் எழுதிய எச்சரிக்கையைப் படிக்காத மலைநாட்டுப் பெண்கள் செயலாக்கினர். அவர் இங்கேயே தங்கியிருந்தால்தான் அப்பணி நடந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

நிற்க. நம் வாழ்க்கை அம்மையாரின் வாழ்க்கை போன்றதன்று. நாம் துறவிகள் அல்லர், குடும்பஸ்தர்கள். பெண்ணின் திருமணமும் பையனின் வேலையும் வீட்டுக் கடனும் நம் முடிவுகளைத் தீர்மானிக்கின்றன. ஆயினும் அவருடைய வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. ஊருக்குத் திரும்புவது சரியா, தங்குவது சரியா என்பதன்று கேள்வி. வந்த இடத்தில் முழு மனத்தோடு இருந்தோமா, புறப்படும்போது ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறோமா என்பதே கேள்வி.

திரும்ப எண்ணுவோர், குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைப்பதோடு கடமை முடிந்ததாக எண்ணாதிருப்பார்களாக. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பை நடத்தியவர் அடுத்த ஆசிரியரை உருவாக்கிவிட்டுச் செல்லட்டும். சங்க நூலகத்தைக் கவனித்தவர் புத்தகப் பட்டியலை எழுதி வைத்துவிட்டுச் செல்லட்டும். பக்கத்து வீட்டு வங்காளிக்கும் பஞ்சாபிக்கும் பிரசவத்திற்கும் காய்ச்சலுக்கும் உதவிய வீட்டம்மா, அவ்வுறவைப் பின்னால் வரும் குடும்பத்திற்கு அறிமுகப்படுத்திவிட்டுச் செல்லட்டும். தங்க எண்ணுவோர், அம்மையாரின் அந்த ஓராண்டுப் பயிற்சியை இப்போதாவது தொடங்குவார்களாக. இவ்வூர் மொழியை எழுதப் படிக்கக் கற்று, இவ்வூர் நல்லது கெட்டதில் கலந்து, இதையும் தம் ஊராக்கிக்கொள்வார்களாக. இரண்டிலும் சேராமல், ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக ஆயுளைக் கழிப்பதுதான் வருந்தத் தக்கது.

இரு நாடுகளைத் தம் நாடுகளாகக் கொண்டு, இரண்டுக்கும் உண்மையாக இருந்தவர் மீராபென் அம்மையார். அவர் பெயர் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரிந்திருத்தல் நலம். அடுத்த முறை ஹரித்துவார வண்டியில் ரூர்க்கி நிலையத்தைக் கடக்கும்போது அவர்களுக்கு இவ்வரலாற்றைச் சொல்வோமாக.